உப்பு விரும்பி பாக்டீரியாவில் ஹைட்ரஜன்: இரண்டாம் நாளே வாயு நிற்கிறது

காரநீர்:
ஹைட்ரஜன் எடுக்க ஹாலனேரோபியம் ஹைட்ரோஜெனிஃபார்மன்ஸ் என்ற பாக்டீரியாவை வளர்க்கிறோம். 1 லிட்டர் பாட்டிலில் 500 மி.லி. வளர்ப்பு ஊடகம்: உப்பு 35 கிராம், சோடியம் கார்பனேட் 5, குளுக்கோஸ் 5, ஈஸ்ட் சாறு அரை கிராம். 33 டிகிரி, தொடக்க பிஎச் 11. எல்லாம் சேர்த்தே ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்), ஊடகம் பழுப்பாகிறது. இரண்டாம் நாள் வாயு நிற்கிறது, பிஎச் 9-க்குக் கீழே. குளுக்கோஸுக்குப் பதிலாக, காஸ்டிக் சோடாவில் ஊறிய வைக்கோல் நீரை நடுநிலையாக்காமல் அப்படியே ஊற்றலாமா?

வாயுக்குமிழ்:
பழுப்பு, குளுக்கோஸ் காரத்தில் வெந்து சிதைந்ததால் வருவது. சர்க்கரைக் கரைசலைத் தனியே 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக் கடைசியில் சேருங்கள்.

வாயு நிற்பதற்குக் காரணம் கார்பனேட் பற்றாக்குறை. 1 மோல் குளுக்கோஸ் முழுக்க அசிட்டேட் வழியே போனால் 4 மோல் ஹைட்ரஜன். கூடவே 2 மோல் அசிட்டிக் அமிலம், 2 மோல் கார்பன் டைஆக்சைடு. இவற்றின் அமிலத்தன்மையைத் தாங்க 4 மோல் கார்பனேட் வேண்டும். உங்கள் 5 கிராமுக்குத் தேவை 111 மில்லிமோல், இருப்பதோ 47. குளுக்கோஸை 1 கிராமாகக் குறைத்தால் பாதிக் கார்பனேட் மிஞ்சும். இல்லாவிட்டால் பிஎச் பார்த்துப் பார்த்துக் காஸ்டிக் சோடாவைச் சொட்டு விடவேண்டும்.

வாயுவைப் பாட்டிலிலேயே அடைத்தும் வைக்காதீர்கள், வெளியே எடுங்கள். 5 கிராமும் நொதித்தால் சுமார் 2.7 லிட்டர் ஹைட்ரஜன். அரை லிட்டர் இடத்தில் அழுத்தம் ஏறினால் செல்கள் எலக்ட்ரான்களை வேறு பொருள்களில் இறக்கிவிடும், ஹைட்ரஜன் குறையும். பாட்டிலும் வெடிக்கலாம். பியூட்டைல் ரப்பர் மூடி போடுங்கள், சிலிக்கான் குழாயில் ஹைட்ரஜன் கசியும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், மறந்துவிடாதீர்கள்.

தவிடு:
வைக்கோல் நீர் விஷயத்தில் ஆர்வம் கொஞ்சம் அதிகம் என்பேன். வாஷிங்டன் மாநிலத்து சோப் லேக்கில் கிடைத்த இந்த இனம் காரத்தைத் தாங்கும், சரி. ஆனால் வைக்கோலின் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும், கடையில் கிடைக்கும் நொதிகள் பிஎச் 5-ஐ ஒட்டித்தான் வேலை செய்யும். ஆக, நடுநிலையாக்கும் செலவு வேறு இடத்தில் திரும்ப வருகிறது. ஊறிய நீரில், வைக்கோலின் லிக்னினிலிருந்து வரும், செல்களுக்கு நஞ்சாகக்கூடிய ஃபீனால்களும் உண்டு. 10 சதவீதத்தில் தொடங்குங்கள். மெக்னீசியம், கால்சியம் உப்புகளைக் கடைசியில், கொஞ்சமாக. பிஎச் 11-ல் படிந்துவிடும். சல்பேட்டுக்குப் பதில் குளோரைடு போடுங்கள், கலப்பு வளர்ப்பில் சல்பேட் இருந்தால் அதைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியா ஹைட்ரஜனைத் தின்றுவிடும்.

காரநீர்:
உப்பளத்துச் சிவப்பு நீரில் இந்த இனம் கிடைக்குமா?

தவிடு:
அந்தச் சிவப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் தேவைப்படும் ஆர்க்கியா (பாக்டீரியா போன்ற வேறு வகை நுண்ணுயிர்), டுனாலியெல்லா பாசி. அடியில் உள்ள கறுப்புச் சேற்றைத் தேடுங்கள். காரம் தாங்குவது வேண்டுமென்றால் ராஜஸ்தானின் சாம்பர் போன்ற சோடா ஏரி. வித்து உண்டாக்கும் இனங்களை மட்டும் மிச்சம் வைக்க நொதிப்புக்கு முன் சேற்றைக் கொதிக்கவைக்கும் வழக்கம் இங்கே ஆகாது. ஹாலனேரோபியம் வித்து உண்டாக்காது, செத்துப்போகும்.