கோலாலம்பூர் – திருச்சி: போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா?

சிப்புட் பேத்தி:
வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் பாட்டிக்கு 78 வயது, பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே தோட்டத்தில்தான், ஆனால் அவருடைய அப்பா பிறந்த ஊர் முசிறிப் பக்கம், கண்ணை மூடுவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டுமாம். திருச்சிக்கு டிக்கெட் தேடினேன். காலை 8.30க்குப் புறப்பட்டு 10.00க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. திரும்பும்போது இரவு 10.40க்கு ஏறினால் விடியற்காலை 5.10. தூரம் ஒன்றுதானே, எப்படி? பாட்டிக்கு முட்டிவலி, ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார முடியாது, அதனால்தான் கேட்கிறேன்.

பழைய கிராணி:
போக நாலு மணி, வர நாலு மணி, அவ்வளவுதான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, போகும்போது அதைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள், இரண்டும் நாலில் வந்து நிற்கும். நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். சென்னை என்றால் கொஞ்சம் குறைவு, 2,630 அளவில். முன்பெல்லாம் வித்தியாசம் இரண்டு மணிதான், 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, போர்னியோ தீவிலுள்ள நம் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், ஞாபகம் இருக்கும்.

ஈப்போ மாப்பிள்ளை:
தங்கச்சி, வானத்தில் நாலு மணி பெரிய விஷயமே இல்லை, சிப்புட்டிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர்வதுதான் பயணம். 8.30 விமானத்துக்கு 7.30க்கே கவுண்டரை மூடிவிடுவார்கள், அப்படியென்றால் வீட்டைவிட்டு ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு தடவை நாங்கள் தாப்பா ஓய்விடத்தில் "ஒரு தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) குடிச்சிட்டுப் போகலாம்" என்று இறங்கி, அப்புறம் மாமியாருக்குக் கழிவறை, பிள்ளைக்கு ரொட்டி என்று முக்கால் மணி போய், கவுண்டரில் எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை. முதல் நாளே இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு விரைவு ரயிலில் 57 கிலோமீட்டர், அரை மணிதான். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள், நடைபாதை ஓரத்து இருக்கை வாங்குங்கள். இந்திய விசாவை மறந்துவிடாதீர்கள்.

கெடா பையன்:
பினாங்கு உங்களுக்குக் கிட்ட ஆச்சே? 2024 டிசம்பரில் இண்டிகோ அங்கிருந்து நேராகச் சென்னைக்கு விட ஆரம்பித்தது.

பழைய கிராணி:
தம்பி, சென்னையில் இறங்கி திருச்சிக்கு இன்னும் 330 கிலோமீட்டர். முட்டிவலிக்காரரை ரயிலில் ஐந்து மணி நேரம் உட்கார வைப்பதா? திருச்சியில் இறங்கினால் முசிறி காரில் ஒரு மணிதான்.

சிப்புட் பேத்தி:
எல்லோருக்கும் நன்றி. திருச்சிதான். பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன், "நாலு மணிக்கா இவ்வளவு பேச்சு, எங்கப்பா கப்பலில் ஒரு வாரம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார்" என்றார். இப்போது அவர் கவலை வேறு: சொந்தக்காரர்களுக்குக் கோடாலித் தைலம் இரண்டு டஜன். கையில் கொண்டுபோகலாமா?

ஈப்போ மாப்பிள்ளை:
சின்ன பாட்டிலாக இருந்தாலும் இரண்டு டஜன் வேண்டாம், பெட்டியில் போடுங்கள். நெகிழிப் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி. ஒன்று உடைந்தால் பாட்டி சேலையெல்லாம் மணக்கும்.