பெட்டா மீனுக்கு ஆளை அடையாளம் தெரியுமா?

நீலவால்:

மீனுக்கு ஏது ஞாபகம், தீனி போட்டால் வரும், போடாவிட்டால் போகும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நான் வளர்க்கும் ஆண் பெட்டா (ஃபைட்டர் மீன்) என்னை அடையாளம் கண்டுகொள்கிறது. இலைமேல் படுத்திருந்தாலும், நான் அறைக்குள் வந்ததும் எழுந்து முன்பக்கக் கண்ணாடிக்கு வந்துவிடும். வாலை மட்டுமல்ல, உடம்பு முழுவதையும் நெளித்து அங்குமிங்கும் ஓடும். என் தம்பி வந்தால் இருந்த இடத்தை விட்டு அசையாது, கண்ணை மட்டும் சுழற்றிப் பார்க்கும். புதிதாக யாராவது குனிந்து பார்த்தால் செவுள்மூடியை விரித்துக்கொண்டு எதிர்த்து நிற்கும்.

மூன்று பேருக்கு மூன்று விதம். இதை வெறும் பசி என்று எப்படித் தள்ளுவது? வளர்ப்பவர்கள் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

அளவுகோல்:

தினமும் தீனி போடுவது யார்? நீங்கள்தானே?

நீங்கள் வந்தால் மீன் வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. எதை வைத்து வருகிறது என்பதைத்தான் கேட்கிறேன். நீங்கள் வரும் நேரம், நடக்கும்போது தரையில் எழும் அதிர்வு, விளக்கு எரிவது, தீனி டப்பாவின் நிறம், கை மேலே போகும் விதம். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே அதற்குப் போதும், உங்கள் முகமே வேண்டாம்.

பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பினார்கள். விடை எவ்வளவோ அத்தனை முறை குளம்பால் தரையைத் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் அதை முறையாகச் சோதித்து 1907இல் எழுதினார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் தன்னையறியாமல் தலையை லேசாக அசைப்பார், அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். அதன் உரிமையாளர் யாரையும் ஏமாற்றவில்லை, மனதார நம்பினார். வளர்க்கும் பிராணி என்று வந்தால் நம் எல்லோருக்கும் அந்த ஆபத்து உண்டு.

இன்னொன்று. பெட்டா காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுள் இருந்தாலும் அது மட்டும் போதாது, அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்தாக வேண்டும். பரபரப்பாக இருந்தால் இன்னும் அடிக்கடி வரும். "என்னைப் பார்த்ததும் மேலே வந்தது" என்று எழுதுகிறவர்கள் அதில் எத்தனை முறை காற்றுக்காக வந்தது என்று பிரித்துப் பார்ப்பதே இல்லை.

மாலைவெயில்:

அளவுகோல், குதிரைக் கதை சரி. ஆனால் மீனுக்கு மனித முகம் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாயால் தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் வில்லாளி மீனை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. திரையில் ஒரு முகத்தைக் காட்டி, அதன் மேல் தண்ணீரைத் துப்பினால் தீனி கிடைக்கும் என்று பழக்கினார்கள். பிறகு 44 புதிய முகங்களுக்கு நடுவிலும் பழகிய முகத்தைப் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்தது. அங்கே காலடிச் சத்தமும் இல்லை, டப்பாவும் இல்லை.

பெட்டாவும் கண்ணை நம்பி வாழும் மீன்தான். நான் என் மீனுக்குத் தினமும் கண்ணாடி காட்டுகிறேன். தன் உருவத்தைப் பார்த்ததும் துடுப்பெல்லாம் விரித்து நிற்கும் அழகைப் பார்க்க வேண்டும். கண்ணாடியை எடுத்த பிறகும் அந்த இடத்தையே தேடி வருகிறது. அதற்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அல்லிக்குளம்:

நல்ல பேச்சு. ஆனால் இரண்டு பக்கமும் ஒரு படியைத் தாண்டிப் போகிறீர்கள். மீனுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பதற்கு முன்னால், செய்தி அதற்கு எந்தப் புலன் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் பேச்சு. மீனோடு பேசுகிறோம், அது கேட்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் வரும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் இறங்கும், மற்றதெல்லாம் நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். ஆனால் தரையில் வைக்கும் காலடி மேசைக்கால் வழியாகத் தொட்டிக்கு நேராகப் போய்விடும். பெட்டாவின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு நீரின் மிகச்சிறிய அசைவையும் உணரும். காற்றை வைத்திருக்கும் லாபிரிந்த் உறுப்பின் அறை உட்காதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதே குடும்பத்து கௌராமி மீன்களில் அந்த அறையிலிருந்து காற்றை எடுத்துவிட்டால் கேட்கும் திறன் குறைகிறது என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆக மூச்சுக்கான உறுப்பே காதுக்கும் கைகொடுக்கிறது. வீட்டில் ஒவ்வொருவரின் நடைக்கும் ஓர் அழுத்தம், ஒரு வேகம் உண்டு. நீலவால் நடப்பதும் தம்பி நடப்பதும் அந்த மீனுக்கு ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து கண். ஒரு பெல்லட்டைப் போட்டுவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, பொறுமையாகப் பாருங்கள். உடனே பாயாது. முதலில் பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணால் பார்க்கும். பிறகு உடம்பைத் திருப்பி, இரண்டு கண்ணும் முன்னால் குவிய நேராக நிற்கும். மார்புத்துடுப்பு மட்டும் விறுவிறுவென்று அடித்துக்கொண்டிருக்கும், உடம்பு அசையாது. அதற்குப் பிறகுதான் கொத்தும். வாயில் போட்டதைத் துப்பி, மறுபடி எடுத்து, மறுபடி துப்பும். அது வாயாலேயே சுவையும் பதமும் பார்க்கும் வேலை. ஒரு துண்டுத் தீனிக்குக் கண், வாய் என்று இத்தனை சோதனை நடத்தும் மீன், ஆளைப் பார்க்கும்போது மட்டும் ஒரே ஒரு குறிப்பை நம்பும் என்று நான் நினைக்கவில்லை.

நீலவால், புது ஆள் குனிந்தால் செவுளை விரிக்கிறது என்றீர்களே, அதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தொட்டிக்குள் வெளிச்சம், வெளியே இருட்டு என்றால் உள்ளிருந்து பார்க்கும் மீனுக்குக் கண்ணாடிச் சுவர் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். ஒருவர் நெருங்கிக் குனிந்தால் அறையின் வெளிச்சத்தை மறைத்துவிடுகிறார். அந்த இடத்தில் மீனுக்குத் தன் பிம்பம் பளிச்சென்று தெரியும். அது விருந்தாளியை எதிர்க்கவில்லை, எதிரே வந்த இன்னொரு ஆணை எதிர்க்கிறது என்பதே என் கணிப்பு. தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, அறை விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

மாலைவெயில், கண்ணாடி பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அளவுகோல்:

பிம்பம் பற்றிச் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பக்கச் சுவர்களிலும் அப்படித்தான். நீருக்குள்ளிருந்து மிகவும் சாய்வாகப் பார்த்தால் வெளியே எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் கண்ணாடி பிம்பத்தையே காட்டும். நாம் வெளியே நின்றுகொண்டு நமக்குத் தெரிவதுதான் அதற்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

வில்லாளி மீன் ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் அது பழக்கினால் முடியும் என்று காட்டுகிறது. வீட்டுப் பெட்டா பழக்காமலே அதைச் செய்கிறது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

அல்லிக்குளம்:

மாலைவெயிலுக்கு.

கண்ணாடியைத் தேடி வருகிறது என்பது உண்மை. 1963இலேயே தாம்சன் என்ற ஆய்வாளர் இதைக் காட்டிவிட்டார். தன் பிம்பத்தைப் பார்க்கக் கிடைக்கும் என்றால் அதற்காக ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய ஆண் பெட்டா கற்றுக்கொள்கிறது. ஆனால் தேடி வருவதை வைத்து மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. தன் இடத்துக்குள் ஓர் எதிரி நின்றால் அவனைக் கவனிக்காமல் இருக்க அதனால் முடியாது. நிஜச் சண்டையில் ஒருவன் துடுப்பை மடக்கி, நிறம் மங்கி, விலகிப் போவான், விஷயம் முடிந்துவிடும். பிம்பம் ஒருநாளும் விலகாது. இது எவ்வளவு விரிக்கிறதோ அதுவும் அவ்வளவு விரிக்கும். இந்த இனத்தை மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். பின்வாங்காத எதிரியை அதன் முன்னால் தினமும் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாலைவெயில்:

அண்ணா, ஒரேயடியாக வேண்டாம் என்கிறீர்கள். வெறும் தொட்டியில் வேறு வேலையே இல்லாமல் கிடப்பதை விட இது மேல் இல்லையா? கொஞ்ச நேரம் காட்டிவிட்டு எடுத்துவிடுகிறேன். துடுப்பை விரித்து மடக்குவது அதற்குப் பயிற்சிதானே? அதன் பிறகு நுரைக்கூடு கூடக் கட்டுகிறது.

அல்லிக்குளம்:

வேலை இல்லை என்றால் வேலை கொடுங்கள். செடி வையுங்கள், மிதக்கும் இலை விடுங்கள், தீனியை ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் போடுங்கள். தேடித் திரியும், அதுவும் பயிற்சிதான். நுரைக்கூடு இனப்பெருக்கத்துக்குத் தயாராக இருக்கும் ஆண் கட்டுவது. பெண் இல்லாமலும் கட்டும், கண்ணாடி காட்டாத வீடுகளிலும் கட்டும். அதைச் சந்தோஷத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீலவால்:

அல்லிக்குளம் அண்ணா சொன்னபடி செய்து பார்த்தேன்.

தொட்டி விளக்கை அணைத்து அறை விளக்கைப் போட்டதும், புதியவர் குனிந்தபோது செவுள் விரியவில்லை. பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதை நான் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

ஆனால் மற்றதைக் கேளுங்கள். தொட்டியின் நான்கு பக்கமும் காகிதம் ஒட்டி, ஒரு சிறு துளை வழியாகத் தம்பியைப் பார்க்கச் சொன்னேன். நான் வழக்கம்போல நடந்து வந்தேன். என்னைப் பார்க்க வழியே இல்லை. அப்படியும் இலையை விட்டு எழுந்து தீனி விழும் மூலைக்கு வந்து நின்றது. பிறகு நான் துளையில் கண்ணை வைத்துக்கொண்டேன், தம்பி நடந்து வந்தான். அசையவில்லை. அடுத்து, நடையே இல்லாமல் பார்த்தோம். நான் முன்பே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன், கையில் டப்பா இல்லை, தம்பி மெல்லக் காகிதத்தை எடுத்தான். கொஞ்ச நேரம் நின்ற இடத்திலிருந்தே பார்த்தது, பிறகு கண்ணாடியோரம் வந்து என் முகத்துக்கு நேராக நின்றது. தம்பி அதேபோல உட்கார்ந்தபோதும் வந்தது, ஆனால் சீக்கிரமே திரும்பிவிட்டது.

நடையை வைத்து என்னைத் தெரிந்துகொள்கிறது என்றால் அதுவும் என்னைத் தெரிந்துகொள்வதுதானே? இருட்டில் அம்மா நடந்து வந்தால் எனக்கும் காலடியிலேயே தெரிகிறது. அதை யாரும் வெறும் அதிர்வு என்று சொல்வதில்லையே.

அளவுகோல்:

சோதனையைச் செய்து பார்த்து எழுதியதற்கு நன்றி, பெரும்பாலோர் செய்வதில்லை. காகிதம் ஒட்டிய பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் நடையும் தம்பி நடையும் அதற்கு வேறு வேறாகத் தெரிகின்றன. கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற ஆய்வாளர், விசில் அடித்தால் வரும் ஒரு கெளுத்தியைப் பற்றி 1923இல் எழுதினார். கண் தெரியாத மீன் அது. மீனுக்குக் காதே கேட்காது என்று அடித்துச் சொன்ன காலம். ஒலிக்கும் தீனிக்கும் உள்ள தொடர்பை மீன் கற்றுக்கொள்ளும் என்பது நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

நாற்காலிச் சோதனை மட்டும் எனக்குப் போதவில்லை. நீங்கள் முதலில், தம்பி இரண்டாவது. இரண்டாவது முறை வருவதற்குள் அதற்கு ஆர்வம் குறைந்திருக்கலாம். மாற்றி உட்கார்ந்தால் முடிவும் மாறுமா என்று தெரிய வேண்டும். அம்மாவின் காலடி கேட்டால் உங்களுக்கு அவர் முகமும், கோபமும், நேற்றுச் சொன்ன சொல்லும் சேர்ந்து நினைவுக்கு வரும். மீனுக்கு அந்த அதிர்வோடு தீனியைத் தவிர வேறு எதுவும் சேர்ந்து வருகிறதா என்பது இன்னும் கேள்விதான்.

நீலவால்:

தம்பியே தீனி போட ஆரம்பித்தால் தெரிந்துவிடும் என்று அடுத்து சொல்வீர்கள். அப்போது தம்பியிடம் போனால் என்னை மறந்துவிட்டது என்று அர்த்தமா, தம்பியையும் கற்றுக்கொண்டது என்று அர்த்தமா? அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது.

சக மீன்கள் விஷயத்தில் பெட்டா ஆளுக்கு ஆள் வேறுபாடு பார்க்கிறது என்பதையும் நீங்கள் யாரும் எழுதவில்லை. இரண்டு ஆண்கள் சண்டையிடுவதை மூன்றாவது ஆணைப் பார்க்க வைத்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. பிறகு அந்த மூன்றாவது மீன் ஜெயித்தவனை நெருங்கத் தயங்கியது, தோற்றவனிடம் அவ்வளவு தயக்கம் காட்டவில்லை. சண்டையைப் பார்க்காத மீன்களிடம் இந்த வேறுபாடு இல்லை. யார் எவன் என்று பார்த்து நினைவில் வைக்கும் மூளை அதற்கு இருக்கிறது.

அளவுகோல்:

அந்த ஆய்வு எனக்குத் தெரியும், உங்கள் பக்கத்துக்கு இதுவரை வந்ததிலேயே வலுவான வாதம் அதுதான். ஆனால் தன் இனத்தை இனம்பிரிக்க அதற்கு இயற்கையிலேயே தேவை இருக்கிறது. மனித முகத்துக்கு அந்தத் தேவை கிடையாது.

தீனி மாற்றும் சோதனை பற்றி நீங்கள் சொன்னது சரி. அதனால் வேறொன்று சொல்கிறேன். இருவருமே தீனி போடுங்கள். நீங்கள் எப்போதும் இடது மூலையில், தம்பி எப்போதும் வலது மூலையில். இருவரும் ஒரே நிறச் சட்டை. நடை தெரியாதபடி முன்பே உட்கார்ந்துகொண்டு, தொட்டியை மூடி வைத்துத் திறக்க வேண்டும். யார் முதல் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். பழகிய பிறகு ஒரு நாள் தீனி போடாமல் முகத்தை மட்டும் காட்டி எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதை எழுதி வைப்பவர் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாத இடத்தில் இருக்க வேண்டும்.

நீலவால்:

செய்கிறேன். என் முகத்துக்கு இடது மூலை, தம்பி முகத்துக்கு வலது மூலை என்று போனால் அப்போதும் பழக்கம் என்று சொல்லிவிட மாட்டீர்களே?

அளவுகோல்:

முகம் தெரிகிறது என்று நானே இங்கே எழுதுவேன். உங்கள் மேல் பாசம் என்று மட்டும் எழுத மாட்டேன், அதற்கு இந்தச் சோதனை போதாது.

அல்லிக்குளம்:

தொடங்குவதற்கு முன் நீரின் வெப்பத்தைப் பாருங்கள். 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெட்டா சோம்பிக் கிடக்கும், யார் வந்தாலும் அசையாது. 26 அல்லது 27இல் நிலையாக வைத்துக்கொண்டு செய்யுங்கள். இருவர் தீனி போடுவதால் அளவு இரட்டிப்பாகிவிடக் கூடாது, ஒரு நாள் தீனியை இருவருக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். நிறம் மங்கினாலோ, கண்ணாடியோரமாக ஓயாமல் மேலும் கீழும் ஓடினாலோ அன்றைக்குச் சோதனையை நிறுத்திவிடுங்கள்.