வெளியுறவு முடிவுகளில் தலைவரின் குணத்துக்கு எவ்வளவு பங்கு?

புதுவாசகன்:
போர் என்றாலே "அவர் பிடிவாதக்காரர், அதான் இப்படி" என்று பலரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ராணுவ பலம், பொருளாதாரம், கூட்டணி இவைதானே ஒரு நாட்டை நகர்த்துகின்றன? நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய அதே முடிவுதான் வரும் என்பது என் எண்ணம். மறுக்க ஆள் உண்டா?

பழைய ஏடு:
சாதாரண நாட்களுக்கு நீங்கள் சொல்வது சரி, அதிகாரிகளே பழைய தடத்தில் ஓட்டிவிடுவார்கள். நேரம் குறைந்து, சிலர் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கும்போதுதான் கதை மாறுகிறது. 1962-ல் சோவியத் யூனியன் கியூபாவில் ஏவுகணைகளை வைத்ததால் வந்த நெருக்கடியில் அமெரிக்கத் தளபதிகள் குண்டு போடச் சொன்னார்கள். அதிபர் கென்னடியோ கடலில் தடுப்பு போட்டார், துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக ரகசியமாக ஒப்புக்கொண்டு, சோவியத் தலைவர் குருஷ்சேவ் பின்வாங்கவும் வழி விட்டார். 1961-ல் கியூபா மீதான படையெடுப்பில் நிபுணர்களை நம்பிச் சூடுபட்டவர் அவர். இந்த முறை தன் முன்னால் பேசத் தயங்குவார்கள் என்று ஆலோசனைக் கூட்டங்கள் சிலவற்றுக்குப் போகாமலே இருந்தார். எல்லாத் தலைவருக்கும் இது வராது.

நடுநிசி:
சதாத்தை விட்டுவிட்டீர்களே! 1977 நவம்பரில் எகிப்து அதிபர் ஜெருசலேமுக்கே போய் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் பேசினார், அதை எதிர்த்து அவருடைய வெளியுறவு அமைச்சரே பதவி விலகினார். எகிப்துக்கு அமைதி தேவைப்பட்டது நிலைமை. அதற்காக நேரே எதிரி வீட்டுக்குள் போய் நின்றது அந்த மனிதரின் துணிச்சல், கொஞ்சம் நாடக ஆசையும்தான்.

கோடு போட்டவன்:
இதை அளக்கவே முயன்றிருக்கிறார்கள். மார்கரெட் ஹெர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தன்னம்பிக்கை, அதிகார வேட்கை, பிறர் மேல் அவநம்பிக்கை என்று ஏழு குணங்களைத் தலைவர்களின் பேச்சிலிருந்து கணக்கிட்டார், அதிலும் எழுதிவைத்த உரையைவிடப் பேட்டியில் சட்டென்று வரும் பதிலுக்குத்தான் மதிப்பு, உரையை வேறு யாரோ எழுதியிருப்பார்கள் இல்லையா. ஆனால் ஒரு குணம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம். சோவியத் தலைவர் ஸ்டாலினைவிடச் சந்தேகப்பிராணி உண்டா? 1941-ல் ஜெர்மனி தாக்கப்போகிறது என்று சொந்த உளவாளிகளும் சர்ச்சிலும் எச்சரித்தபோது, அந்தச் சந்தேகம் எச்சரித்தவர்கள் மேல்தான் பாய்ந்தது.

புதுவாசகன்:
நெருக்கடி விஷயத்தை ஏற்கிறேன். அப்புறம் வியட்நாம்? கென்னடியின் முக்கிய ஆலோசகர்களைத்தான் அவருக்குப் பின் அதிபரான ஜான்சனும் வைத்துக்கொண்டார், 1965-ல் பெரும்படை அனுப்பினார். கென்னடி இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

பழைய ஏடு:
அதை நிரூபிக்க முடியாது, வரலாற்றாசிரியர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் "யார் உட்கார்ந்தாலும் அதே முடிவுதான்" என்பதற்கும் அதே கதிதானே?