தாய்ச்சியில "காலி பண்ணு"ன்னா என்ன? தியானத்துல சொல்ற வெறுமையும் இதுவும் ஒண்ணா?

மழைக்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். தாய்ச்சி (மெதுவா அசைஞ்சு செய்யற சீனத் தற்காப்புக் கலை) கொஞ்ச நாளா கத்துக்கிட்டு இருக்கேன், 24 ஃபார்ம், அதாவது 24 அசைவு கொண்ட வரிசை, இப்ப தடுமாறாம வரிசையா வருது, அதுவரைக்கும் சந்தோஷம். பிரச்சனை என்னன்னா மாஸ்டர் வாயத் திறந்தா "காலி பண்ணு"தான். நடக்கறப்ப இடது காலக் காலி பண்ணுங்கறார், கொஞ்ச நேரத்துல நெஞ்சக் காலி பண்ணுங்கறார், ஃபார்ம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சும்மா நிக்க வச்சு மனசக் காலி பண்ணுங்கறார். மூணும் ஒரே விஷயமா, இல்ல பழக்க தோஷத்துல மூணு இடத்துலயும் அதையே சொல்றாரான்னு புரியல. கேட்டா "தாவோ படி, தெரியும்"னு சிரிக்கறார். லாவோட்சு எழுதினதா சொல்ற தாவோ மூல நூல் தாவோ தே ஜிங்க படிச்சேன். சக்கரம், பானை, ஜன்னல்னு வருது, அழகாதான் இருக்கு, ஆனா அத வச்சுக்கிட்டு நிக்கறப்ப நான் என்ன செய்யணும்னு அதுல இல்ல.

அதுலயும் மனசக் காலி பண்றதுதான் பெரிய தலைவலி. கண்ண மூடினா எண்ணம் எல்லாம் வரிசை கட்டி வருது, விரட்டிக்கிட்டே இருந்தா தல கனத்துப்போகுது, ஒருவழியா விரட்டி முடிச்சா மரத்துப்போன மாதிரி ஒரு மந்தம் வருது, தூக்கமும் இல்ல முழிப்பும் இல்ல. இதான் வெறுமையா? இதான்னா எனக்கு வேண்டாம். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ் "அனுபவிச்சாதான் தெரியும்"னு மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க.

ஓடைக்கரை:

அந்த மந்தம் வெறுமை இல்லவே இல்ல. இத நானா சொல்லல, தாவோ ஆளுங்களே அந்தக் காலத்துலயே சொல்லிட்டாங்க. தாங் அரச காலத்துல சிமா செங்ஜென்னு (647–735) ஒரு தாவோ குரு இருந்தார், "உக்காந்து மறக்கறது" பத்தி அவரு எழுதினதா ஒரு சின்ன நூல் இருக்கு, ஏழு படியா போகும். மூணாவது படி, சிதறிக் கெடக்கற மனச சேத்துப் பிடிக்கறது. உங்க கேள்விக்கு நேர் பதில் அங்கதான் இருக்கு. எழும்புற எண்ணத்த எல்லாம் நல்லது கெட்டது பாக்காம அணைச்சுக்கிட்டே போனா அறிவே அறுந்துபோய் ஒரு குருட்டு நிலையில விழுந்துடுவேங்கறார். சரி அப்ப விட்டுடலாமான்னா, எந்தப் பிடிமானமும் இல்லாம போற போக்குல விட்டா தியானம் பண்ணாதவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்ங்கறார். அடுத்தது சொல்றார் பாருங்க, எனக்கு அதான் ரொம்ப முக்கியமாப் படுது: வெறுமையிலயே மனச நிறுத்தி வைக்கறேன்னு கெட்டியாப் பிடிச்சா அதுவும் ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டதுதான், வெறுமையே இல்ல, மனசு களைச்சுப்போயி உடம்புக்கும் ஆகாது. தல கனக்குதுன்னீங்கல்ல, அதான் இது.

அப்ப என்னதான் செய்யறது? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இன்னொரு பழைய தாவோ ஞானி சுவாங்ட்சுவோட நூல்ல வர்ற "மன விரதம்" தான் செஞ்சு பாக்கறதுக்கு வசதியா இருக்கு. அதுல கன்ஃபூசியஸ் தன் சீடன் யான் ஹுயிக்குச் சொல்ற மாதிரி வரும் (கன்ஃபூசியஸ் வாயாலயே தாவோவ சொல்ல வைக்கறது சுவாங்ட்சுவோட குறும்பு, நூல் முழுக்க இந்த வேலைய செஞ்சுக்கிட்டே இருப்பார்). காதால கேக்காத, மனசால கேளு, அப்புறம் மனசாலயும் கேக்காத, சீ-யால கேளுங்கறார், அதாவது உள்ள ஓடற அந்த மூச்சு சக்தியால. காது சத்தத்தோட நின்னுடுது, மனசு தனக்குத் தெரிஞ்சதோட பொருத்திப் பாக்கறதோட நின்னுடுது, சீ மட்டும்தான் காலியா இருந்து வர்றதுக்குக் காத்துக்கிட்டு இருக்கும். இதுல அந்தப் "பொருத்திப் பாக்கறது"ங்கறதுதான் சாவி. நிக்கறப்ப ஏதோ சத்தம் வருது, உடனே மனசு "வண்டி ஹாரன், எவன்டா இவன், இப்படித்தான் நேத்தும்"னு கத கட்ட ஆரம்பிச்சுடும். சத்தத்த நிறுத்த முடியாது, முதல் எண்ணத்தயும் நிறுத்த முடியாது, அதுக்கு மேல கட்டற மாடிய கட்டாம விடலாம். அவ்ளோதான் வேல. விரட்டவும் வேண்டாம், பின்னாடி போகவும் வேண்டாம். இதுல மந்தம் வராது, ஏன்னா வர்றத கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்க, சொல்லப்போனா வழக்கத்த விட நல்லாவே கேக்கும்.

லாவோட்சுல எல்லாரும் 11-ஆம் அத்தியாயத்துல வர்ற சக்கரத்தையே பிடிச்சுக்கறாங்க, முப்பது ஆரக்கால் நடுவுல ஒரு ஓட்டைன்னு. உங்களுக்கு 5-ஆம் அத்தியாயம்தான் உதவும். வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல இருக்கறது துருத்தி மாதிரி, காலிதான் ஆனா சுருங்கிப் போயிடாது, அசைய அசைய வந்துக்கிட்டே இருக்கும்னு வரும். காலியாவும் இருக்கணும், தொங்கியும் போகக்கூடாது. மனசுக்கு மட்டும் இல்ல, உங்க மாஸ்டர் சொல்ற காலுக்கும் நெஞ்சுக்கும் இதான்னு நெனைக்கறேன், அத தாய்ச்சி ஆளுங்க யாராவது வந்து சொல்லட்டும்.

ஒத்தக்கால்:

கூப்டீங்க, வந்துட்டேன். துருத்தி ரொம்பச் சரி, அதையே பிடிச்சுக்கறேன்.

மொதல்ல கால். யாங் ஸ்டைல் தாய்ச்சி மாஸ்டர் யாங் செங்ஃபு (1883–1936) பத்து முக்கிய குறிப்பு சொன்னார், சீடர் சென் வெய்மிங் எழுதி வச்சார், இன்னிக்கு வரைக்கும் யாங் ஸ்டைல் ஆளுங்களுக்கு அதான் அரிச்சுவடி. அதுல நாலாவது, காலிய நிறையிலேர்ந்து பிரிக்கறது, தாய்ச்சில இதான் முதல் பாடம்ங்கறார். மொத்த எடையும் வலது கால்ல இருந்தா வலது நிறை, இடது காலி. இது பிரியலன்னா அடி கனமா விழும், நிலை ஆடும், யாராவது லேசா இழுத்தாலே போயிடுவீங்க. தத்துவம் ஏதும் இல்ல, முழுக்க எடை சமாச்சாரம். செக் பண்றது ஈஸி: ஒரு அடி முன்னாடி வைங்க, குதிகால் தரையத் தொட்டதும் நிறுத்துங்க, உடம்ப ஆட்டாம, பின்னாடி சாயாம, அந்தக் கால அப்படியே திரும்ப எடுக்க முடியுதா? முடிஞ்சா காலி. முடியலன்னா நீங்க அடி வைக்கல, விழுந்துக்கிட்டு இருக்கீங்க, அடுத்த கால் வந்து தாங்கிக்குது. பெரும்பாலானவங்க இப்படித்தான் நடக்கறோம், சாதாரண நடையே கொஞ்சம் விழுந்து தாங்கறதுதான்.

24 ஃபார்ம்ல கொக்கு சிறகு விரிக்கற இடத்தயும் பிபா (வீணை மாதிரி ஒரு சீன வாத்தியம்) மீட்டற இடத்தயும் எடுத்துப் பாருங்க. கொக்குல முன்கால் நுனி மட்டும் தரையில, பிபால குதிகால் மட்டும். ரெண்டும் காலி அடி. அங்க முன்கால் செத்த கால் மாதிரி இருந்தாலும் தப்பு, அதுமேல சாஞ்சுட்டாலும் தப்பு. எந்தப் பக்கம் வேணும்னாலும் போகத் தயாரா இருக்கணும், உதைக்கலாம், அடி வைக்கலாம், பின்னாடி எடுக்கலாம். எடைய சுமக்கற கால் எதுக்கும் தயாரா இல்ல, அது மாட்டிக்கிச்சு. காலிக்கு அங்கதான் மதிப்பு.

நெஞ்சு, அதே பத்து குறிப்புல ரெண்டாவது. நெஞ்ச முன்னாடி தள்ளி விறைக்காம லேசா உள்ள தளர விடறது. நெஞ்ச தூக்கி நின்னா மூச்சு மேலயே மாட்டிக்கும், மேல்பாதி கனமாயி பாதம் மெதக்க ஆரம்பிச்சுடும். ஆனா காலி பண்றேன்னு கூன் போட்டுடாதீங்க, நெறைய பேர் இங்கதான் கோட்ட விடறாங்க. உச்சந்தலை மேல நூல் கட்டித் தூக்கற மாதிரி இருக்கணும்னு முதல் குறிப்புல சொன்னது இதுக்குத்தான், மேல தூக்கற அந்த லேசு இல்லன்னா உள்ள காலி பண்ற எல்லாம் சரிஞ்சு விழுந்துடும்.

புஷ் ஹேண்ட்ஸ், அதாவது ரெண்டு பேர் கைய ஒட்டி வச்சு தள்ளிப் பழகற பயிற்சி, ஆரம்பிச்சாதான் இதெல்லாம் ஏன்னு உறைக்கும். ஒருத்தர் உங்க தோள்ல தள்றார், நீங்க எதிர்த்துத் தள்ளினா அவருக்குப் பிடிமானம் கெடச்சிடுச்சு, உங்க எதிர்ப்புதான் அவருக்குக் கைப்பிடி. பயந்து கைய எடுத்துட்டீங்கன்னா தொடர்பு அறுந்துடும், அவர் நேரா உள்ள வந்துடுவார். ரெண்டுமே பழைய ஆளுங்க குத்தம்னு எழுதி வச்சிருக்காங்க. அவர் தள்ற அந்த இடம் மட்டும் காலியாகணும், தொடர்பு அப்படியே இருக்கணும், மத்த பக்கம் நெறஞ்சிருக்கணும். இடது பக்கம் கனம் வந்தா இடது காலி, வலது பக்கம் வந்தா வலது மறைஞ்சுடணும்னு வாங் சோங்யுவே பேர்ல இருக்கற அந்தப் பழைய தாய்ச்சி நூல்ல வரும். இத யோசிச்சு செய்ய நேரம் இருக்காது. "இப்ப இவன் இப்படித் தள்ளுவான்"னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தீங்கன்னா முடிஞ்சது கத, அவன் வேற மாதிரி தள்ளுவான். ஓடைக்கரை சொன்ன பொருத்திப் பாக்கறது இங்கயும் ஒதைக்கும். அதனால மூணும் ஒண்ணான்னு கேட்டா, என்னப் பொறுத்தவரைக்கும் ஒண்ணுதான், எங்க பாத்தாலும் இடம் விட்டு வைக்கறதுதான் விஷயம்.

சும்மாகேட்டேன்:

நல்ல விளக்கம், ஆனா ஒரு குச்சிய உள்ள விடறேன், கோவிச்சுக்காதீங்க. தாய்ச்சி தாவோ மலையில பொறந்த கலைன்னு நெறைய பேர் சொல்றது அவ்ளோ உறுதியான சரித்திரம் இல்ல. சாங் சான்ஃபெங்னு ஒரு தாவோ துறவி பாம்பும் பறவையும் சண்ட போடறதப் பாத்து உண்டாக்கினார்ங்கறது கத. ஆதாரத்தோட பின்னாடி போனா ஹெனான்ல சென் குடும்ப கிராமத்துக்குத்தான் போய் நிக்கும், 17-ஆம் நூற்றாண்டுல சென் வாங்டிங், அவரு போர் வீரர். மிங் அரச காலத்துத் தளபதி சீ ஜிகுவாங் (1528–1588) தன் படைக்காக எழுதின கைநூல்ல 32 நிலை இருக்கு, அதுல நெறைய நிலைகளோட பேரு சென் வரிசைகள்லயும் அப்படியே வருது. அங்கேர்ந்து யாங் லுசான் (1799–1872) கத்துக்கிட்டு பெய்ஜிங்குக்குக் கொண்டு போனார். அப்புறம் படிச்சவங்க கைக்கு வந்தப்பதான் லாவோட்சு, யின் யாங் எல்லாம் இவ்ளோ கெட்டியா ஒட்டிக்கிச்சுன்னு சொல்ற ஆராய்ச்சியாளருங்க உண்டு. ஆக, ஒத்தக்கால் சொன்ன எடை, நெஞ்சு எல்லாம் முழுக்க சண்டை டெக்னிக், அத வெறுமைன்னு பெருசா ஆக்கணுமா? காலக் காலி பண்ண லாவோட்சு எதுக்கு?

ஒத்தக்கால்:

சரித்திரத்துல சண்ட போட மாட்டேன், சான்ஃபெங் கதய நானும் நம்பல. ஆனா சென் வாங்டிங் பேர்ல இருக்கற ஒரு பாட்டுல வயசானப்ப துணைக்கு இருந்தது ஹுவாங்டிங் சுருள் ஒண்ணுதான்னு வருது, அது தாவோ தியான நூல். அதனால அந்தப் பக்கம் காத்தே அடிக்கலன்னு சொல்ல முடியாது. லாவோட்சு இல்லாமயும் காலக் காலி பண்ணலாம், ஒத்துக்கறேன். தள்ள வர்ற ஆள் முன்னாடி, ஜெயிக்கணும்ங்கற ஆசையக் காலி பண்ணத்தான் எனக்கு அவரு தேவைப்படறார், டெக்னிக் அந்த எடத்துல கைய விரிச்சுடுது.

நிழல்மரம்:

குறுக்க வர்றேன். புத்தமதத்துல சொல்ற சூன்யமும் இதுவும் ஒண்ணுதானே? எங்க குரூப்ல ரெண்டையும் கலந்துதான் பேசறாங்க.

ஓடைக்கரை:

கலந்துட்டாங்கதான், அதுவும் இன்னிக்கு நேத்து இல்ல. ஆனா ஆரம்பத்துல ரெண்டும் வேற கேள்விக்குப் பதில். புத்தமத தத்துவ ஞானி நாகார்ஜுனர் சொல்றது, எந்தப் பொருளுக்கும் தனக்குன்னு தனியா ஒரு சுயம் இல்ல, எல்லாம் ஒண்ண ஒண்ணு சார்ந்து வருதுன்னு. சக்கரமும் காலி, அச்சும் காலி, ஓட்டையும் காலிம்பார். லாவோட்சு அவ்ளோ தூரம் போகல, ஆரக்கால் இருக்குதான், ஓட்டையும் இருக்குதான், ரெண்டும் சேந்தாதான் வண்டி ஓடும்ங்கறார். 401-ல குமாரஜீவர்னு ஒரு புத்த பிக்கு சீனாவுல சாங்ஆன் நகரத்துக்கு வந்து நாகார்ஜுனர் நூல்கள சீனத்துல கொண்டுவந்தார், அப்புறம் ரெண்டு கூட்டமும் ஒருத்தர ஒருத்தர் படிச்சாங்க. நான் மேல சொன்ன சிமா செங்ஜென் நூல்லயே புத்தமத வாடை நல்லாவே அடிக்கும். பயிற்சி பண்றதுக்கு இதனால பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா "எல்லாம் மாயை, உடம்பு எதுக்கு"ன்னு யாராவது ஆரம்பிச்சா அது தாவோ இல்லன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. மனசக் காலி பண்ணு, வயித்த நெறைங்கறார் லாவோட்சு 3-ஆம் அத்தியாயத்துல. அது ஆளறவங்களுக்குச் சொன்னதுதான், தியானக்காரங்க அத அப்புறம் தங்களுக்கு எடுத்துக்கிட்டாங்க, அதுவும் பொருந்தத்தான் செய்யுது.

மழைக்குருவி:

இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல. அந்தக் குதிகால் டெஸ்ட் செஞ்சு பாத்தேன், வலது பக்கம் பரவால்ல, இடது கால்ல நின்னா திரும்ப எடுக்கவே முடியல, அப்படியே முன்னாடி போயிடறேன். இன்னொண்ணு, ஒரு கால முழுசா காலி பண்றப்ப நிக்கற காலோட முட்டி உள்பக்கம் வலிக்குது. இது பழகப் பழக சரியாயிடுமா இல்ல தப்பா செய்யறேனா? அப்புறம் நிக்கற தியானம் எவ்ளோ நேரம் நிக்கலாம்?

ஒத்தக்கால்:

முட்டி வலிய பழகிக்காதீங்க, தொடை எரிச்சல் வரலாம், முட்டி வலி வரக்கூடாது. உள்பக்கம்னா பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒண்ணு, முட்டி பெருவிரல் பக்கமா உள்ள சாயுது, பாதம் பாக்கற திசையிலயே முட்டியும் பாக்கணும், கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க. ரெண்டாவது, எடை மேல இருக்கறப்பவே பாதத்தத் திருப்பறீங்க, அப்ப முறுக்கு எல்லாம் முட்டிக்குப் போகும். வில் அடியிலேர்ந்து (முன்கால் மடிஞ்சு எடை தாங்கி, பின்கால் நீண்டு இருக்கற நிலை) அடுத்த அடிக்குப் போறப்ப மொதல்ல பின்கால்ல உக்காருங்க, முன்கால் காலியாகட்டும், அப்புறம் குதிகால்ல பாதத்த வெளிய திருப்புங்க, அப்புறம் எடைய மாத்துங்க. காலி பண்ணாம திருப்பாதீங்க. இடுப்பு மடிப்புல உக்கார்ற மாதிரி இருக்கணும், முட்டிய முன்னாடி தள்ளி இறங்கக்கூடாது. நிலைய உயரமா வைங்க, யாரோ யூட்யூப்ல தரையத் தொடற மாதிரி போறாங்கன்னு நீங்க போக வேண்டாம். வலி அப்படியே இருந்தா டாக்டரப் பாத்துடுங்க.

நிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும் இப்போதைக்கு, தோள் மேல ஏற ஆரம்பிச்சதும் நிறுத்திடலாம், அதுக்கப்புறம் நிக்கறது வீம்புக்கு நிக்கறதுதான். இடது கால் டெஸ்ட்ட தெனமும் செவுத்துல ஒரு விரல் வச்சுக்கிட்டு செய்ங்க, விரல்ல எப்ப அழுத்தம் கூடுதுன்னு கவனிங்க, அந்த எடத்துலதான் விழறீங்க. மியூசிக் போட்டுப் பழகறீங்கன்னா கொஞ்ச நாளைக்கு அணைச்சிடுங்க, பின்னாடி உக்கார்ற அந்த நேரத்த மியூசிக் முழுங்கிடும்.