அப்பாயிக்கு ஆல்பம்: 'பட்டறை வீடு' குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மீனா (காலை 9:12)
எல்லாருக்கும் வணக்கம். ஆவணி 12ஆம் தேதி அப்பாயிக்கு 80 முடிகிறது. புடவை, மோதிரமெல்லாம் அவரவர் விருப்பம். நான் கையாலேயே ஒரு ஆல்பம் செய்யலாம் என்று இருக்கிறேன். பீரோ, பரண், பெட்டி எல்லாவற்றையும் துழாவிப் பழைய படங்களை எடுத்து வையுங்கள். போனில் எடுத்து அனுப்ப வேண்டாம், அசல் படம்தான் வேண்டும்.

கார்த்தி ஷார்ஜா
சூப்பர் மீனு

வசந்தி சித்தி
🙏🙏 சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறீர்கள்?

கோமதி அத்தை
நல்ல காரியம்தான். ஆனால் அம்மாவுக்குக் கண் எங்கே தெரிகிறது? போன வாரம் என்னையே வசந்தி என்று கூப்பிட்டார்.

மீனா
அதனால்தான் அத்தை இந்த யோசனையே வந்தது. கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் விரல் இருக்கிறது. சித்திரையில் நான் வந்தபோது சுவரில் இருந்த, தாத்தா பட்டறையில் செய்த தட்டை இறக்கி மடியில் வைத்தேன். ஓரத்துக் கொடியிலிருந்து நடுவில் இருக்கும் பிள்ளையார் வரைக்கும் தடவிப் பார்த்தார். "இது முதல் தட்டு இல்லை, காது பெரிதாக இருக்கிறது, பின்னாடி செய்தது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் படத்தோடு ஒரு செம்புத் தகடு, புடைப்பு வேலை செய்து வைக்கப் போகிறேன். கல்யாணப் படத்துக்கு மாங்காய். அப்பா பிறந்ததற்குக் கிலுகிலுப்பை. அத்தை கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு. தொட்டதும் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும், பக்கத்தில் இருப்பவர் படத்தில் யார் யார் என்று சொன்னால் போதும்.

கோமதி அத்தை
😢

கார்த்தி ஷார்ஜா
எனக்கு என்ன? விமானமா?

மீனா
விமானம்தான்.

அப்பா
தகடு எவ்வளவு கனம், என்ன கேஜ்?

மீனா
36 வாங்கியிருக்கிறேன் அப்பா. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் பின்பக்கமிருந்து அழுத்தினாலே எழும்புகிறது. அடியில் ரப்பர் ஷீட். நேற்று ஒரு மாங்காய் போட்டுப் பார்த்தேன், கழுத்து வளைவில் கிழிந்துவிட்டது.

அப்பா
சூடு காட்டினாயா?

மீனா
இல்லை.

அப்பா
முதலில் அடுப்பில் சிவக்கும்வரை காட்டி எடு. இளகிவிடும். வேலை செய்யச் செய்யச் செம்பு இறுகும், மறுபடி காட்டணும். தாத்தா ஒரு தட்டுக்கு எத்தனை தடவை காட்டுவார் தெரியுமா.

ரவி சித்தப்பா
*(அனுப்பப்பட்ட செய்தி) இன்றைய ராசி பலன்...*

வசந்தி சித்தி
இதை எதற்கு இங்கே போடுகிறீர்கள்

மீனா
அப்பா, இன்னொன்று. எழும்பின இடத்துக்குப் பின்னால் குழியாகத்தானே இருக்கும்? அப்பாயி தினமும் விரல் வைத்து அழுத்தினால் நசுங்கிவிடும். எதையாவது வைத்து நிரப்ப வேண்டும்.

அப்பா
குங்கிலியம், செங்கல் பொடி, எண்ணெய்.

கோமதி அத்தை
ஐயோ அந்த வாசனை! அம்மாதான் இரும்புச் சட்டியில் காய்ச்சிக் கொடுப்பார். வீடு முழுக்கக் குங்கிலியம் மணக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்கிறவள் என் பாவாடையை மோந்து பார்ப்பாள்.

மீனா
அத்தை இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அம்மா
குங்கிலியக் கலவையில் எண்ணெய் இருக்கிறதே, காகிதத்தில் ஊறாதா?

மீனா
ஊறும் அம்மா. உள்பக்கங்களுக்கு எம்-சீல் பசை வைத்து நிரப்பிவிடலாம். மேலட்டையில் வருகிற பெரிய தகட்டுக்கு மட்டும் குங்கிலியம். அந்த வாசனை அட்டையைத் திறக்கும்போதே வர வேண்டும்.

அப்பா
வெயிலில் இளகும். யோசித்துச் செய்.

கார்த்தி ஷார்ஜா
தகடு பளபள என்று இருக்காமல் பழசு மாதிரி கறுத்திருந்தால் அழகு. அவித்த முட்டையை நறுக்கி, தகட்டோடு ஒரு கவரில் கட்டி வைத்தால் கறுத்துவிடும். வீடியோவில் பார்த்தேன்.

கோமதி அத்தை
அம்மா இருக்கிற வீட்டில் முட்டையா?

மீனா
முட்டை வேண்டாம். அதிலிருந்து வருகிற கந்தகம்தான் செம்பைக் கறுக்க வைக்கிறது, அதே கந்தகம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு எமன். அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிவதே வெள்ளித் துகள்தான். அதனால்தான் சொல்கிறேன், படங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அனுப்பாதீர்கள். ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது, பட்ட இடம் கோடு விழுந்துவிடும். அத்தை, உங்கள் கல்யாண ஆல்பம் அந்த ஒட்டுகிற பக்கம் வைத்ததுதானே? மேலே பிளாஸ்டிக் தாள் மூடி இருக்குமே?

கோமதி அத்தை
ஆமாம். படம் எல்லாம் மஞ்சள் அடித்துவிட்டது. ஒன்று இழுத்துப் பார்த்தேன், மூலை கிழிந்தது.

மீனா
இனி இழுக்காதீர்கள். அப்படியே ஆல்பத்தோடு கொடுங்கள். படத்துக்கும் தாளுக்கும் நடுவில் பல் இடுக்கில் விடுகிற நூலை நுழைத்து ரம்பம் மாதிரி மெல்ல இழுத்துக்கொண்டே போனால் வரும். அதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்துவிடுவேன்.

அம்மா
மீனா, கேஸ் புக் பண்ணினாயா?

மீனா
பண்ணிவிட்டேன்.

அப்பா
உள்பக்கத்தில் தகடு வைத்தால் எதிர்ப்பக்கப் படத்தில் உரசுமே.

மீனா
உரசும். எதிர்ப்பக்கத்தில் படம் ஒட்டவே போவதில்லை. தகட்டைச் சுற்றி 2 மில்லிமீட்டர் அட்டையில் சட்டம் வெட்டி வைத்தால் தகடு உள்ளே பதிந்திருக்கும், நடுவில் பட்டர் பேப்பர். முதுகுப் பக்கமும் அதே கனத்துக்கு அட்டைத் துண்டு வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆல்பம் மூடாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். தகட்டை ஃபெவிகால் பிடிக்காது, சின்னச் செம்பு ஆணி இறக்கிப் பின்னால் மடக்கப் போகிறேன். புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, மேலே லாக்கர் பூச்சு ஒரு கை. இல்லையென்றால் களிம்பு ஏறும். செம்புக் களிம்பு காகிதத்தை அரித்துவிடும்.

வசந்தி சித்தி
மொத்தம் எத்தனை பக்கம்?

மீனா
12. அதற்கு மேல் போனால் அப்பாயி மடி தாங்காது.

வசந்தி சித்தி
எங்களுக்கு எத்தனை?

கோமதி அத்தை
இதிலுமா வசந்தி

வசந்தி சித்தி
கேட்கக் கூடாதா? வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எடுத்த படத்தில்கூட எங்களை ஓரமாகத்தான் நிற்க வைத்தார்கள்.

அம்மா
எல்லாருக்கும் இடம் இருக்கும். மீனா பார்த்துக்கொள்வாள்.

அப்பா
மேலட்டைக்கு என்ன?

மீனா
அதுதான் தெரியவில்லை. தாத்தா வேலை ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். தட்டைப் பிரிக்க மனசு வரவில்லை.

அப்பா
அச்சு ஒன்று இருந்திருந்தால் புதுத் தகட்டை வைத்துத் தட்டி எடுத்திருக்கலாம். அவருடைய வரியே அப்படியே வந்திருக்கும். மூன்று தலைமுறை அச்சு. எடைக்குப் போட்டாயிற்று.

கோமதி அத்தை
அண்ணா, விடு.

அப்பா
சொல்லக் கூடாதா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கார்த்தி ஷார்ஜா
பெரியப்பா, பூம்புகார் கைவினைக் கடையில் சின்னத் தட்டு கிடைக்கும், அதை வாங்கி...

அப்பா
கடைத் தட்டு வேறு.

அம்மா
மதியம் யார் யார் சாப்பிட்டீர்கள்?

ரவி சித்தப்பா (மதியம் 2:40)
நான் ஒன்று சொல்கிறேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் ராத்திரி பணம் கட்டச் சொன்னார்கள். அண்ணன் அப்போது வடக்கே இருந்தார், போன் கிடைக்கவில்லை. கோமதியிடம் இருந்ததை ஏற்கெனவே வாங்கியாயிற்று. அம்மாதான் பட்டறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அச்சுகளை நானாக எடுக்கவில்லை. இதை இத்தனை வருஷம் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோமதி அத்தை
ரவி

கோமதி அத்தை
அம்மா எனக்குக்கூடச் சொல்லவில்லையே

*ரவி சித்தப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்*

வசந்தி சித்தி
நான் சொல்லச் சொல்லித்தான் இருந்தேன்.

அப்பா (மதியம் 3:25)
எனக்குத் தெரியாது தம்பி.

ரவி சித்தப்பா
ஒன்று மட்டும் கொடுக்கவில்லை. மயில் அச்சு. உள்ளங்கை அகலம் இருக்கும். பீரோவில் வேட்டிக்கு நடுவில் இருக்கிறது.

மீனா
சித்தப்பா!!!

அப்பா
தோகை விரிக்காத மயிலா? கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறதே?

ரவி சித்தப்பா
அதேதான். ஒரு படம் அனுப்புகிறேன்.

ரவி சித்தப்பா
📷 புகைப்படம்

அப்பா
தாத்தா சொந்தமாக வெட்டின முதல் அச்சு அது. வலது கால் நகம் ஒன்று குறைவாக இருக்கும். எண்ணிப் பார்.

ரவி சித்தப்பா
ஆமாம் அண்ணா. இரண்டுதான் இருக்கிறது.

மீனா
சித்தப்பா, எனக்கு ஒரு நாள் கொடுத்தால் போதும். தட்டி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா
நீ தட்டாதே. நேராகச் சுத்தி பட்டால் தகடு கிழியும், மேலே ஈயத் துண்டு வைத்துத் தட்டணும். நான் வருகிறேன்.

ரவி சித்தப்பா
அச்சைக் கூரியரில் அனுப்ப மாட்டேன். இங்கே வந்தால் தட்டிக்கொள்ளலாம்.

அம்மா
திருப்பூருக்கா? இவர் உங்கள் வீட்டுக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறது!

வசந்தி சித்தி
வரட்டும். முன்னாடியே சொன்னால் கோலா உருண்டை செய்து வைக்கிறேன், அவருக்குப் பிடிக்கும்.

கோமதி அத்தை
முட்டை வேண்டாம் என்றேன், இங்கே கோலா உருண்டையா

வசந்தி சித்தி
இது எங்கள் வீட்டில் அக்கா, உங்கள் அம்மா வீட்டில் இல்லையே

மீனா
அடுத்த சனிக்கிழமை போகலாமா அப்பா?

அப்பா
பார்க்கலாம்.

மீனா
பார்க்கலாம் என்றால்?

கார்த்தி ஷார்ஜா
வீடியோ கால் போடுங்கள், நானும் பார்க்கிறேன். லீவு இன்னும் சொல்லவில்லை.

மீனா
அதற்குள் எல்லாரும் படங்களைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் பேனாவால் எழுத வேண்டாம், பென்சில் மட்டும். அப்பாயியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

கோமதி அத்தை (மாலை 6:05)
நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் மா. வாயில் நிற்கவில்லை. மயில் என்றதும் வலது கையை நீட்டிக் காற்றில் அந்தக் கழுத்தை வளைத்துக் காட்டினார்.

அப்பா
சனிக்கிழமை காலை பஸ். தம்பி, கட்டை, உளி ஏதாவது வைத்திருக்கிறாயா, நான் எடுத்து வரவா?

ரவி சித்தப்பா
எடுத்து வாங்க.

வசந்தி சித்தி
விசேஷத்துக்குச் சமையல் யார் என்று காலையிலிருந்து கேட்கிறேன்.