நைஜீரியா காத்து வருசா வருசம் மோசமாகுதா, நல்லாகுதா? தம்பி இலோரின் போறான்

கருங்கல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க தம்பி இங்க உள்ள ஒரு அண்டி ஆபீஸுக்கு (முந்திரி பாக்டரி) தோட்டண்டி (தோடு உடைக்காத முந்திரி) பர்சேஸ் பாக்க நைஜீரியா போறான், குவாரா ஸ்டேட்ல இலோரின்னு ஒரு ஊரு. சீசன் பிப்ரவரி கடைசியிலதான், ஆனா குடோன் பிடிக்கணும் ஏஜென்டுகள பாக்கணும்னு ஜனவரியிலயே வரச் சொல்லுறாங்க. அவனுக்கு சின்னதுலயே இளைப்பு உண்டு, இப்பமும் மழ நாள்ல பம்பு இல்லாம வெளிய இறங்க மாட்டான். அம்மைக்கு அதான் பயம்.

நான் நெட்ல தேடினேன், பிஎம் 2.5ன்னு அடிச்சு, நெஞ்சுக்குள்ள போற ரொம்ப நைஸான தூசி புகைக்கு உள்ள அளவாம் அது. ஒரு கிராஃப்ல 1998ல இருந்து கோடு மேல ஏறுது, இன்னொண்ணுல கீழ இறங்குது, மூணாவது ஒண்ணு ரம்பப் பல்லு கணக்கா ஏறி இறங்கி கெடக்கு. எல்லாம் சேட்டலைட் டேட்டான்னுதான் போட்டிருக்கான். இதுல எத நம்ப? பத்து இருபது வருசத்துல அங்க காத்து நல்லாயிட்டு வருதுன்னா விடலாம், இல்லேன்னா வேற வேல பாக்கச் சொல்லலாம்னு நெனைக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்கலை பய:
அக்கா, நம்ம ஊரு காத்து மட்டும் என்னவாம். குவாரியில இருந்து எம்சாண்ட் ஏத்திட்டு கேரளா போற டாரஸ் பின்னாடி பைக்குல ஒரு மட்டம் போயிப் பாருங்க, தார்ப்பாயும் கிடையாது ஒரு எளவும் கிடையாது. பண்டு அண்டி ஆபீஸ்ல டிரம்முல போட்டு வறுக்கும்போ வந்த புகைய குடிச்சு வளந்தவங்கதான நாம எல்லாம். பய போயிட்டு நாலு காசு சம்பாதிச்சுட்டு வரட்டும்.

வேளிமலை வாத்தியார்:
தக்கலை தம்பி சொல்லுறது இளைப்பு இல்லாதவனுக்கு சரி.

அம்மா, நீங்க பாத்த மூணு கிராஃபும் பொய்யில்ல, ஆனா மூணும் மூணு வேற கேள்விக்குள்ள பதிலாக்கும். சேட்டலைட் நம்ம மூக்கு மட்டத்துல உள்ள தூசிய அளக்காது. மேல இருந்து தரை வரைக்கும் உள்ள மொத்த காத்துலயும் வெளிச்சம் எவ்வளவு மங்குதுன்னு பாக்கும், அத வச்சு கீழ எவ்வளவு இருக்கும்னு ஒரு மாடல் கணக்கு போடும், அந்தக் கணக்கு சரியான்னு ஒத்துப் பாக்க தரையில மிஷின் இருக்கணும், ஆப்பிரிக்காவுல அது ரொம்பக் கொறவு. அமெரிக்க தூதரகங்கள் பல ஊருகள்ல மிஷின் வச்சு எல்லாரும் பாக்குற மாதிரி வெளிய விட்டுட்டு இருந்தாங்க, 2025 மார்ச்ல அதையும் நிறுத்திட்டாங்க. உகாண்டாவுல மக்கெரெரே யுனிவர்சிட்டி ஆளுங்க ஏர்கியூன்னு வெல கொறஞ்ச சென்சார் செஞ்சு பல நாட்டு நகரங்கள்ல மாட்டிட்டு வாறாங்க, அது கொள்ளாம், ஆனா இருபது வருசப் போக்கு சொல்ல அது பத்தாது.

இனி நைஜீரியா. அங்க ரெண்டு கத ஒண்ணா ஓடுது. ஒண்ணு ஹர்மட்டான்னு சொல்லுற தூசிக் காத்து. சாட் நாட்டுல போடெலேன்னு ஒரு பள்ளம் உண்டு, பண்டு பெரிய ஏரியா கெடந்து வத்திப்போன தரை, ரெண்டு மலைக்கு நடுவுல காத்து நெருங்கி வந்து அந்த நைஸ் மண்ண அப்படியே தூக்கும். நவம்பர்ல இருந்து மார்ச் நடு வரைக்கும் வடகிழக்குல இருந்து அடிச்சு, கானோ, இலோரின் எல்லாம் தாண்டி லாகோஸ் கடல் வரைக்கும் வரும். இந்த தூசி மனுசன் சொன்னா கேக்காது, ஒரு வருசம் கூடும் மறுவருசம் கொறையும். உங்க ரம்பப் பல்லு அதாக்கும். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பார்படோஸ் தீவுல 1965ல இருந்து இந்த ஆப்பிரிக்க தூசிய அளந்துட்டு வாறாங்க, சஹாராவுக்கு தெக்க உள்ள சாஹேல்ல மழ பொய்ச்சு பஞ்சம் வந்த 80களோட தொடக்கத்துல எக்கச்சக்கமா இருந்து பொறவு தணிஞ்சிருக்கு. அப்பம் தூசி கூடின ஒரு வருசத்துல கோட்ட தொடங்கினா கீழ இறங்கும், கொறஞ்ச வருசத்துல தொடங்கினா ஏறும். எந்த கிராஃபானாலும் எந்த வருசத்துல தொடங்கியிருக்கான்னு மொதல்ல பாருங்க.

ரெண்டாவது கத புகை. 2000ல 12 கோடி சனம், இப்பம் 22 கோடிக்கு மேல. கரண்ட் வரும் போகும், அதனால கடைக்கு கட வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர். சமையலுக்கு விறகும் கரியும். வெளிநாட்டுல ஓடித் தேஞ்ச பழைய வண்டி. டீசல்ல சல்பர் 2016லயும் 3000 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 3000 பங்கு) வரைக்கும் விட்டிருந்தாங்க, நமக்கு பிஎஸ் 6 வந்த பொறவு 10. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் சேந்து 2021 ஜனவரி முதல் 50ன்னு முடிவெடுத்தும் நடப்புக்கு வர இழுத்துட்டுதான் கெடந்துது. 2018ல லாகோஸ்ல காத்து மாசால 11,200 பேரு அகாலத்துல செத்தாங்கன்னு உலக வங்கி கணக்கு போட்டுச்சு, அங்க சராசரி பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 68 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல இருந்து 5க்கு மேல போகாண்டாம்னு சொல்லுது, நம்ம இந்தியா வரம்பு 40.

இந்த ரெண்டையும் கூட்டி நாட்டுக்கு ஒரே நம்பர் போட்டா என்ன கெடைக்கும்? மழ கொறஞ்ச ஆரல்வாய்மொழி கணக்கையும் மழ கூடின பேச்சிப்பாறை கணக்கையும் கூட்டி ரெண்டால வகுத்து குமரி மாவட்ட மழைன்னு சொல்லுற கத. ரெண்டு ஊருக்காரனுக்கும் அது உதவாது. தூசி கொறஞ்ச வருசத்துல நகரத்துப் புகை கூடினது சராசரியில தெரியவே தெரியாது.

பாதி பேரு கவனிக்காத விசயம் இன்னொண்ணு உண்டு. புகைய தனியா பிரிச்சுப் பாக்கணும்னா தூசி இல்லாத மழ மாசத்த எடுக்கணும், ஆனா ஜூலை ஆகஸ்ட்ல தெக்கு நைஜீரியாவ மேகம் மூடிக் கெடக்கும், சேட்டலைட்டுக்கு கண்ணு தெரியாது. எந்த மாசம் வேணுமோ அந்த மாசத்துலதான் டேட்டா ஓட்டையா கெடக்கும். எவ்வளவு கூடியிருக்குன்னு ஒருத்தன் தசம புள்ளி வச்சு சொன்னா நான் கொஞ்சம் தள்ளி நின்னுதான் கேப்பேன்.

குளச்சல்காரன்:
வாத்தியார் சார் சொன்னதுல லாகோஸ் மட்டும் வருது, தெக்க உள்ள எண்ணெய் ஊரு போர்ட் ஹார்கோர்ட்ட விட்டுட்டாரு. நான் அங்க ஒரு யார்டுல வெல்டிங் வேல பாத்த ஆளு. 2016 கடைசியில இருந்து அந்த ஊருல கரி மழ மாதிரி புகைக்கரி விழ ஆரம்பிச்சுது. ரூம்ல ஜன்னல அடச்சு ஏசி போட்டு படுத்தாலும் காலம்பற எந்திரிச்சு தரையில நடந்தா உள்ளங்கால் கருப்பா இருக்கும், மூக்க சிந்தினா கருப்பு. பைப்ப ஓட்ட போட்டு குரூட (கச்சா எண்ணெய்) திருடி காட்டுக்குள்ள டிரம்முல காய்ச்சி டீசல் எடுப்பாங்க, அதுக்கு கீழயும் குரூடுதான் எரியும். படைக்காரங்க வந்து பிடிச்சா அந்த எண்ணெயயும் சேத்து அங்கயே தீ வச்சுட்டு போவாங்க, அது அதவிட பெரிய புகை. 2022 ஜனவரியில ரிவர்ஸ் ஸ்டேட் கவர்னர் வைக் நேரடியா இறங்கின பொறவுதான் பேச்சாச்சு. இதுல என்ன விசேசம்னா எண்ணெய்க் கெணத்துல கேஸ சும்மா எரிக்கிறது 2000க்கு பொறவு நல்லா கொறஞ்சிருக்கு, கம்பெனி புகை கொறஞ்ச ஊர்ல திருட்டு அடுப்பு புகை ஏறிச்சு. இத எந்த கோட்டுல போடுவாங்க?

ஆனா இலோரின் அங்க இருந்து ரொம்ப தூரம், அந்தக் கரி அங்க வராது. பயப்படாண்டாம்.

கருங்கல்காரி:
ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணே. அப்பம் இலோரின மட்டும் எடுத்தா? ஜனவரியா, மார்ச்சா? அவனுக்க முதலாளி நாளைக்கே பதில் கேக்காரு.

வேளிமலை வாத்தியார்:
அதிர்ஷ்டத்துக்கு இலோரின் இதுல பேரெடுத்த ஊரு. அங்க யுனிவர்சிட்டியில ஏரோநெட்னு நாசா நடத்துற அளவுக் கருவி 1998ல இருந்து இருக்கு, மேற்கு ஆப்பிரிக்காவுல இவ்வளவு நீளத்துக்கு பதிவு உள்ள இடம் கொஞ்சம்தான். தரையில இருந்து சூரியன பாத்து காத்துல எவ்வளவு மறைப்புன்னு அளக்கும், பிஎம் 2.5 இல்ல, ஆனா மாசக் கணக்கு தெளிவா தெரியும். ஜனவரி, பிப்ரவரிதான் கஷ்டம். ஹர்மட்டானும் அதே சமயம், புல்லுக்காட்டுக்கு தீ வைக்கிறதும் அதே சமயம், தூசியும் புகையும் ஒண்ணா கெடக்கும். அந்தப் புல்லுத் தீ நிலம் வயலா மாற மாற வடக்கு ஆப்பிரிக்க சவன்னாவுல கொறஞ்சுட்டு வருது, அது நல்ல செய்திதான், ஆனா எனக்க கருத்துல இருபது வருசக் கோட்ட பாத்து ஒரு ஆள அனுப்புறதோ நிறுத்துறதோ வேண்டாம், மாசத்த பாத்து அனுப்புங்க. மார்ச் பாதிக்கு மேல காத்து திரும்பும், ஏப்ரல்ல மழ தொடங்கும். கடைசி ஹர்மட்டான் மார்ச்லயும் ஒண்ணு ரெண்டு வரலாம், அதுக்கு தயாரா இருக்கட்டும்.

குழித்துறை நர்ஸக்கா:
சாருக்க கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், நான் எனக்க பக்கத்த சொல்லுதேன். வெளிய உள்ள காத்து மட்டும் இல்ல பிள்ளே, அவன் பாக்கப்போற வேலையே தூசி வேலைதான? சாக்க அவுத்து கட்டிங் டெஸ்ட் (அண்டிய வெட்டி பருப்பு பாக்குறது) எடுக்கணும், களத்துல காயப்போட்ட அண்டிய வாரும்போ பொடி பறக்கும், குடோன்ல ஜன்னலும் இருக்காது. மார்ச்ல போனாலும் அது போவாது.

போறதுக்கு முன்ன நெஞ்சு டாக்டர பாத்து ஊதி பாக்குற டெஸ்ட் எடுக்கச் சொல்லு. நீல பம்பு ஆத்திர அவசரத்துக்குள்ளது, தெனம் எடுக்க வேண்டிய பம்பு வேற, நம்ம ஆளுங்க நெஞ்சு லேசானதும் அத தூக்கி தட்டுல வச்சிருவாங்க. அங்க போயி மருந்து தேடாண்டாம், டாக்டர் எழுதின சீட்டோட சீசன் முழுக்க உள்ளத கைப்பையில கொண்டு போகட்டும், பெட்டியில போட்டு விடாத. மாஸ்க் துணியும் வேண்டாம் நீல சர்ஜிக்கலும் வேண்டாம், என்95 மூக்கோட ஒட்டி இருக்கணும், தாடி வச்சிருந்தா சைடுல காத்து போயிரும், பய தாடி வச்சிருக்கானா?

கருங்கல்காரி:
வச்சிருக்கான் அக்கா, நல்ல நீளமா. மாஸ்க்குக்காக தாடிய எடுன்னு சொன்னா இவன் வேலையே வேண்டாம்னு சொல்லுவான் 😄 மார்ச் கேட்டுப் பாக்குறோம், ஜனவரி ஏஜென்ட் வேலைக்கு வேற ஆள அனுப்ப முடியுமான்னு முதலாளிட்ட அப்பா பேசட்டும்.