இன்னிங்ஸ் கூட்டுத்தொகை பொருந்தவில்லை, வெற்றியும் தவறானவர் பெயரில் உள்ளது – உதவி தேவை

தாள்_நிரப்பி
வணக்கம். பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் ஸ்கோர் அட்டையை எக்செல்லில் ஏற்றியிருக்கிறேன். பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) வீசிய இன்னிங்ஸைக் கூட்டினால் 8.6 வருகிறது. மேலும், கையிலிருந்த முன்னிலையைத் தொலைத்த பிட்சரின் பெயரிலேயே அணியின் வெற்றி எழுதப்பட்டுள்ளது. தரவு பிழையா? இன்றே முடிக்க வேண்டியிருப்பதால் விரைந்து உதவுங்கள்.

வடக்குவீதி
எந்த ஆட்டம், எந்த அணி, எத்தனை இன்னிங்ஸ் என்று எதுவுமே சொல்லவில்லையே.

மழைக்கணக்கு
நள்ளிரவைத் தாண்டிய ஆட்டமாக இருந்தால், தரவு இரண்டு தேதிகளில் பிரிந்து பதிவாகியிருக்கும். இத்தகைய குளறுபடிகளுக்கு அதுவே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

தாள்_நிரப்பி
2016 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டம். சிகாகோ கப்ஸ் 8, கிளீவ்லாந்து 7. பிட்சர் சாப்மேன்.

மழைக்கணக்கு
நான் சொன்னேன் அல்லவா? அந்த ஆட்டம் மழையால் நின்று, நள்ளிரவுக்குப் பிறகுதான் முடிந்தது!

வடக்குவீதி
மழை இடைவேளை வெறும் 17 நிமிடங்கள். அதுவும் ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிந்த பிறகு வந்தது. அதனால் எவருடைய கணக்கும் மாறவில்லை. நண்பரே, கப்ஸ் பிட்சர்களின் எண்களை அப்படியே இங்கே இடுங்கள்.

தாள்_நிரப்பி
ஹெண்ட்ரிக்ஸ் 4.2, லெஸ்டர் 3.0, சாப்மேன் 1.1, எட்வர்ட்ஸ் 0.2, மாண்ட்கோமரி 0.1.

விதிநூலார்
பேஸ்பால் அட்டையைத் தொடுவதற்கு முன் அதை வாசிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. இந்தக் கேள்விக்கு எத்தனை முறைதான் விடையளிப்பது? புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் அன்று, அவுட்களின் எண்ணிக்கை. கிரிக்கெட்டில் 4.2 ஓவர் என்றால் நான்கு ஓவரும் இரண்டு பந்தும் என்று கொள்வதைப் போல, இங்கே 4.2 என்றால் நான்கு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் எல்லாவற்றையும் அவுட்களாக மாற்றுங்கள்: 14, 9, 4, 2, 1. மொத்தம் 30, அதாவது பத்து இன்னிங்ஸ்.

வடக்குவீதி
கேட்டவர் புதியவர்; விடையை மட்டும் சொன்னால் போதும். வெற்றியைப் பொறுத்தவரை, எட்டாவது இன்னிங்ஸில் 6-3 என்ற முன்னிலையோடு வந்த சாப்மேன், ராஜை டேவிஸின் ஹோம் ரன்னால் ஆட்டத்தைச் சமநிலைக்கு விட்டது உண்மைதான். ஆனால் ஒன்பதாவதை அவரே வீசி முடித்தார். பத்தாவதில் கப்ஸ் முன்னிலை பெற்று அதைக் கடைசிவரை காத்தபோது, கணக்கில் இருந்த பிட்சர் (முன்னிலை கிடைப்பதற்கு முன் கடைசியாக வீசியவர்) அவர்தான் என்பதால் வெற்றி அவருக்குப் போகிறது. கடைசி ஒரே அவுட்டை எடுத்த மாண்ட்கோமரிக்குச் சேவ் (முன்னிலையைக் கடைசியில் காத்தவருக்கான கணக்கு).

மூன்றாம்_தளம்
குறுகிய நேரம் வீசிச் சொதப்பிய பிட்சருக்கு வெற்றியை மறுக்க ஸ்கோரருக்கு (ஆட்டத்தின் அதிகாரபூர்வக் கணக்காளர்) அதிகாரம் இருக்கிறதே? எனக்கென்னவோ அவர் பெயரைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

விதிநூலார்
விதி 9.17-ஐப் படியுங்கள். ஓர் இன்னிங்ஸுக்கும் குறைவாக வீசி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எர்ன்டு ரன் (ஃபீல்டர்களின் பிழையால் அல்லாமல் பிட்சர் கொடுத்த ரன்) கொடுத்தவருக்கே பொதுவாக அது பொருந்தும். சாப்மேன் கொடுத்தது இரண்டு ரன். வீசியதோ நான்கு அவுட். அந்த இன்னிங்ஸின் மற்றொரு ரன், லெஸ்டர் விட்டுச்சென்ற ஓட்டக்காரருடையது. ஆகவே அது லெஸ்டர் கணக்கில் சேரும்.

மூன்றாம்_தளம்
அப்படியானால் பிட்சரின் வெற்றி என்ற கணக்கையே ஒழிக்கலாம். 2018-ல் நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்சர் டிகிராம், 1.70 என்ற எர்ன்டு ரன் சராசரியோடு வீசியும் பெற்றது 10 வெற்றி, 9 தோல்விதான்!

விதிநூலார்
அவருக்குச் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கிடைத்ததே. 511 வெற்றிகள் பெற்ற ஒருவரின் பெயரால் வழங்கப்படும் விருது அது. வெற்றிக் கணக்கு வேண்டாம் என்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம்_தளம்
சை யங் காலத்தில் பிட்சர்கள் பெரும்பாலும் தொடங்கிய ஆட்டத்தைத் தாங்களே முடித்தார்கள். ஐந்து பேர் பங்கிட்டு வீசிய ஆட்டத்துக்கு அந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

தாள்_நிரப்பி
அவுட்களாக மாற்றியதும் 10 வந்துவிட்டது. நன்றி.

மழைக்கணக்கு
தேதியையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.